சண்டைக்கு வளர்த்த நாயைத் தத்தெடுக்கப் போகிறவர்களுக்கு

செவலை எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் சாயங்காலம், குக்கர் விசில் சத்தம் கேட்டு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். அப்புறம் டைனிங் டேபிளுக்கு அடியில் புகுந்து தரையோடு தரையாகப் படுத்தவள் மறுநாள் விடியும்வரை எழுந்திருக்கவில்லை. முன்னங்கால் இரண்டிலும் பழைய கடித் தழும்பு, கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்து முடி முளைக்காமல் போன ஒரு வட்டம், இடது காது பாதிதான் இருக்கிறது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "என்னட்டி இது, சண்ட போடுத நாயின்னு சொன்ன, தோச மாதிரி ஒட்டிக்கிட்டுல்லா கெடக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஓடிவிட்டது. நாங்கள் இருப்பது அமெரிக்காவில், வர்ஜீனியாவின் வடக்குப் பக்கம். தென் மாநிலம் ஒன்றில் நாய்ச்சண்டைக் கும்பலைப் போலீஸ் பிடித்தபோது மீட்கப்பட்ட நாய்களில் ஒன்றுதான் செவலை. எங்களைப் பார்த்துவிட்டுத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் சிலர் "நாங்களும் இந்த மாதிரி ஒன்றை எடுக்கலாமா" என்று கேட்கிறார்கள். எடுக்கலாம். ஆனால் சாதாரண நாயை எடுப்பதைவிட யோசிக்க வேண்டியது அதிகம் இருக்கிறது, அதை ஒழுங்காகச் சொல்லத்தான் இது.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாய்களில் பலவற்றிடம் மனிதர்கள் மேல் கோபம் கிடையாது, பயம்தான் இருக்கும். சிக்கல் மற்ற நாய்களோடுதான், அது சாகும்வரை தீராமலும் போகலாம். அதனால் பாசம் வைப்பதை விட முக்கியமாக உங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வேண்டும்: கதவைச் சாத்துகிற பழக்கம். ஒவ்வொரு முறையும், ஒவ்வொருவரும், கையில் மளிகைப் பை இருந்தாலும் போன் அடித்தாலும். இதை எங்களால் செய்ய முடியாது என்று தோன்றினால் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு வேறு நாயைத் தேடுவது நல்லது, அதில் தப்பு எதுவும் இல்லை.

இவை எப்படி வளர்ந்தவை

சண்டைக்கு வளர்க்கிறவர்கள் நாயை வீட்டுக்குள் விடுவதில்லை. வெட்டவெளியில் மண்ணில் ஓர் இரும்புத் தண்டைப் புதைத்து, அதில் கனத்த சங்கிலி, பக்கத்தில் படுக்க ஒரு பிளாஸ்டிக் பீப்பாய். அடுத்த நாய் கண்ணுக்குத் தெரியும், எட்டாது, அந்தத் தூரத்தில் அளந்து கட்டுவார்கள். நாள் முழுக்க இரண்டும் ஒன்றையொன்று பார்த்து இழுத்துக்கொண்டே வெறியேற வேண்டும் என்பதுதான் கணக்கு. அப்படி மூன்று நான்கு வருடம் கிடந்த நாய்க்கு மாடிப்படி தெரியாது, கண்ணாடி தெரியாது, டிவி தெரியாது, வழவழப்பான மரத்தரையில் காலை ஊன்றத் தெரியாது.

இந்த நாய்களை வீட்டுக்குத் தருகிற வழக்கமே கொஞ்ச காலமாகத்தான் இருக்கிறது. 2007 ஏப்ரலில் எங்கள் மாநிலத்தின் சர்ரி கவுன்ட்டியில், அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்குக்குச் சொந்தமான இடத்தில் போலீஸ் புகுந்தபோது 50க்கும் மேற்பட்ட பிட் புல் நாய்கள் (சண்டைக்கு அதிகம் வளர்க்கிற வகை இதுதான்) கிடைத்தன. அதற்கு முன்பெல்லாம் இப்படிப் பிடிபட்ட நாய்களை வழக்கு முடிந்ததும் ஊசி போட்டுக் கொன்றுவிடுவதுதான் நடைமுறை. இந்த முறையும் பெரிய விலங்குநல அமைப்புகள் சிலவே அதைத்தான் செய்யச் சொன்னார்கள். நீதிமன்றம் கேட்கவில்லை. ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பரிசோதிக்கச் சொன்னது, அவற்றின் சார்பில் பேச ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரை நியமித்தது, பராமரிப்புக்காக விக்கிடமிருந்து 9 லட்சம் டாலருக்கும் மேல் வாங்கிக் கொடுத்தது. பரிசோதித்த 49 நாய்களில் மனிதர்களிடம் காட்டிய மூர்க்கத்துக்காகக் கொல்ல வேண்டி வந்தது ஒன்றே ஒன்றுதான். நோய் முற்றிய இன்னொன்று போக, 47 பிழைத்தன. அவற்றில் 22 நாய்கள் யூட்டா மாநிலத்தின் கனாப் ஊரில் இருக்கும் பெஸ்ட் ஃபிரண்ட்ஸ் சரணாலயத்துக்குப் போயின, மற்றவை வேறு அமைப்புகளுக்கு. ஜானி ஜஸ்டிஸ் என்ற நாய் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சத்தமாகப் புத்தகம் வாசிப்பதைக் கேட்கும் வேலைக்குப் போனது. அதே வழக்கில் மீட்கப்பட்ட லூகாஸ், மெரில் இரண்டையும் எந்த வீட்டுக்கும் தரக் கூடாது, சரணாலயத்திலேயே இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்தே ஞாபகம் வையுங்கள். ஒரே கொட்டடியிலிருந்து வந்திருந்தாலும் ஒவ்வொரு நாயும் ஒரு மாதிரி.

விண்ணப்பிக்கும் முன்பு

சட்டத்தை முதலில் பாருங்கள், நாயைப் பார்த்து மனசு போன பிறகு சட்டத்தைப் படிக்க முடியாது. வர்ஜீனியாவில் இனத்தை மட்டும் வைத்து நாயைத் தடை செய்ய முடியாது. ஆனால் ஒன்டாரியோவில் 2005இலிருந்தே பிட் புல்லுக்குத் தடை, டொரன்டோவில் இருக்கிறவர்கள் இதற்கு ஆசைப்படவே முடியாது. இங்கிலாந்தில் 1991 சட்டப்படி பிட் புல் டெரியர் கூடாது, 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் எக்ஸ்எல் புல்லி என்கிற பெரிய உடம்பு நாய் வகையை வைத்திருப்பதும் குற்றம். அமெரிக்காவிலேயே ஊருக்கு ஊர் மாறும். டென்வரில் 1989இல் வந்த தடை 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்த பிறகுதான் தளர்ந்தது, இப்போதும் அங்கே தனி பெர்மிட் வேண்டும்.

ஊர்ச் சட்டம் விட்டாலும் வீட்டு இன்சூரன்ஸ் விடாது. பல கம்பெனிகளிடம் இனப் பட்டியல் இருக்கிறது, பிட் புல் என்றால் பாலிசி தர மாட்டார்கள், அல்லது நாய்க்கடிக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். போனில் கேட்டால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும் எழுத்தில். குடியிருப்புச் சங்கம் இருக்கிற இடமென்றால் அவர்கள் விதிப் புத்தகத்தையும் புரட்டுங்கள். இன்னொரு விஷயம், விசாவில் இருக்கிறவர்கள் வேலை போனால் அறுபது நாளில் கிளம்ப வேண்டி வரலாம், அப்போது இந்த நாயை யார் பார்ப்பார்கள் என்பதற்குப் பெயர் சொல்லக்கூடிய ஓர் ஆள் வேண்டும். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பது இந்த நாய்க்குச் செல்லாது, ஏனென்றால் அதை அவசரத்துக்கு எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்காது.

இந்தியாவில் இருந்து கேட்கிறவர்களுக்கு: 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி நாய்களைச் சண்டைக்கு விடுவது குற்றம்தான். அதற்கு முதல் முறை அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். இத்தனை வருடம் கழித்தும் அந்தத் தொகை அப்படியே இருப்பது எனக்கு வயிற்றெரிச்சல். நான் கீழே சொல்கிற வீட்டு ஏற்பாடு எந்த ஊருக்கும் பொருந்தும், தத்து கொடுக்கிற முறைதான் மாறும்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால்? என் கருத்தில், முதல் முறை இந்த மாதிரி நாயை எடுக்கிறவர்கள் வேறு நாய் இல்லாத வீடாக இருப்பதுதான் நல்லது. பூனை, முயல் இருந்தாலும் அப்படியே. மற்ற நாய்களோடு அழகாகச் சேர்ந்து வாழும் சண்டை நாய்களும் இருக்கின்றன, நிறையவே இருக்கின்றன, ஆனால் அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

நாயைப் பார்க்கப் போகும்போது

ஒரே தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நாங்கள் நான்கு தடவை போனோம். முதல் தடவை செவலை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள், கூண்டுக் கதவில் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும் ஒட்டியிருந்தது. இரண்டாம் தடவை நான் கூண்டுக்கு வெளியே தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அரை மணி நேரம் கழித்து என் முழங்கையில் ஈரமாக மூக்கு பட்டது. அவளைக் கண்ணோடு கண் பார்க்காமல், கையை நீட்டாமல், அவளாக வரும்வரை விட்டது எங்களுக்குக் கைகொடுத்தது.

பொறுப்பாளர்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். தட்டில் கைவைத்தால் என்ன செய்கிறது, கால் நகம் வெட்ட விடுகிறதா, அந்நியர்கள் வந்தால் ஒளிகிறதா முன்னே வருகிறதா, மனிதரை எப்போதாவது கடித்திருக்கிறதா, குழந்தைகளோடு பழக்கிப் பார்த்தார்களா, மற்ற நாயை எத்தனை அடி தூரத்தில் கண்டால் உடம்பு விறைக்கிறது. கடைசிக் கேள்விக்கு அடிக்கணக்கில் பதில் சொல்கிறவர்கள் நாயை நன்றாகக் கவனித்தவர்கள். "எல்லாம் சரியாகிவிடும், பாவம், அன்புதான் வேண்டும்" என்று மட்டும் சொல்கிற இடமென்றால் நான் யோசிப்பேன். நல்ல அமைப்புகள் உங்களையும் துருவித் துருவிக் கேட்பார்கள், வீட்டுக்கு வந்து வேலியை ஆட்டிப் பார்ப்பார்கள். அதற்குக் கோபப்படாதீர்கள். முதலில் சில மாதம் தற்காலிக வளர்ப்பு வீடாக நாயை வைத்திருந்து பார்த்துவிட்டுப் பிறகு தத்தெடுக்கும் வழி இருந்தால் கண்டிப்பாக அதையே தேர்ந்தெடுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

சாதாரண தடுப்பூசி, கருத்தடை, மைக்ரோசிப் எல்லாம் அமைப்பே செய்துவிடும். அதற்கு மேல் பபேசியா கிப்ஸோனி என்ற ரத்த ஒட்டுண்ணிக்குப் பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். உண்ணியாலும் பரவும், ஆனால் சண்டை நாய்களிடம் அது அதிகம் இருப்பதற்குக் காரணம் கடிபட்ட காயத்தின் வழியாக ரத்தம் கலப்பதுதான். வெளியே ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, ஒருநாள் ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து விழும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் தப்பிவிடலாம், பிசிஆர் சோதனைதான் நம்பகமானது. இரண்டு மருந்து சேர்த்துப் பத்து நாள் கொடுப்பார்கள், பிறகு திரும்பச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது கொசுவால் வரும் இதயப் புழு. வெட்டவெளியில் கிடந்த நாய்க்கு அது இருந்தால் ஆச்சரியமில்லை. ஊசி போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் சிகிச்சை நடக்கும் மாதங்களில் நாயை ஓடவிடவே கூடாது, செத்த புழு ரத்தக் குழாயை அடைத்துவிடும். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். சங்கிலியையும் கூண்டுக் கம்பியையும் கடித்து உடைந்த பற்கள் வலித்துக்கொண்டே இருக்கும், வலியில் இருக்கிற நாய் தொட்டால் உறுமும், அதைக் குணம் என்று நினைத்துவிடுவோம். செவலைக்கு மூன்று பல் எடுத்த பிறகுதான் தலையைத் தடவ விட்டாள்.

வீட்டைத் தயார் செய்வது

நாய்க்கும் தெருவுக்கும் நடுவில் எப்போதும் இரண்டு கதவு இருக்க வேண்டும். எங்கள் வாசல் கதவுக்கு உள்பக்கம், நான்கடி தள்ளி, உயரமான கம்பிக் கதவு ஒன்று போட்டோம். ஒன்று சாத்தின பிறகுதான் இன்னொன்று திறக்கும். கொல்லைப்பக்கம் ஆறடி மரவேலி, அடியில் தோண்டிக்கொண்டு போகாமல் கம்பி வலை. வேலி இருந்தாலும் கூடவே ஓர் ஆள் வெளியே நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மின்வேலி இந்த நாய்க்கு ஆகவே ஆகாது, ஏனென்றால் அது வெளியிலிருந்து உள்ளே வரும் நாயைத் தடுக்காது. அப்புறம், எந்தக் காரணத்துக்காகவும் சங்கிலியில் கட்டிப் போடாதீர்கள், ஐந்து நிமிடத்துக்குக்கூட.

கூண்டு ஒன்று வாங்கி, மேலே பழைய போர்வை போட்டு, அதிகம் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வையுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். அது தண்டனைக்கான இடமில்லை, அந்த நாய்க்கு இந்த உலகத்தில் சொந்தமான முதல் அறை. நாய் உள்ளே இருக்கும்போது யாரும் கையை நுழைக்கக் கூடாது, குழந்தைகள் கட்டாயம் கூடாது. வழுக்கும் தரையில் ரப்பர் விரிப்பு போடுங்கள், நாங்கள் யோகா பாயை வெட்டி வரிசையாகப் போட்டு அவளுக்கு ஒரு பாதையே அமைத்தோம்.

வாக்கிங்குக்கு மார்பில் மாட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப் பட்டை ஒன்று, இரண்டிலும் லீஷ் கொக்கி. ஒன்று அறுந்தாலும் ஒன்று பிடிக்கும். சுருள்கிற லீஷ் வேண்டாம்.

முதல் நாட்கள்

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று இங்கே ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாள் மிரண்டு கிடக்கும், மூன்று வாரத்தில் வீட்டு வழக்கம் பிடிபடும், மூன்று மாதத்தில் தன் வீடு என்று நினைக்கும். செவலைக்கு மூன்று மாதம் என்பது பதினோரு மாதமாக நீண்டது. அதனால் காலண்டரைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்.

முதல் வாரம் யாரையும் வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள். குளிப்பாட்டாதீர்கள், போட்டோ எடுக்கக் குனியாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள். ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே நேரத்தில் வெளியே, ஒரே வழியில் நடை. நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரிவதுதான் இந்த நாய்க்குக் கிடைக்கிற பெரிய நிம்மதி. நான் காலை ஆறு மணிக்குக் காபி போடும்போது அவளிடம் "செவலை, காபி" என்று சொல்வேன், ஆறேகாலுக்குக் கதவைத் திறப்பேன். மூன்றாம் வாரம் "காபி" என்ற சொல்லுக்கு வால் நுனி மட்டும் ஒரு தடவை அசைந்தது. நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

நம் வீடுகளில் சத்தம் அதிகம். குக்கர், மிக்ஸி, தாளிக்கிற சத்தம், பூஜை மணி, போனில் ஊரோடு உரக்கப் பேசுவது. எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். குக்கர் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாத அளவுக்குச் சின்னதாக ஒலிக்கவிட்டு, கூடவே வேகவைத்த கோழித் துண்டு கொடுத்தோம். தினம் ஐந்து நிமிடம். அவள் காதைப் பின்னால் மடக்கினால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், அன்றைக்கு இன்னும் குறைத்துக்கொள்வோம். அம்மா இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, ஒவ்வொரு முறை குக்கர் வைக்கும்போதும் ஹாலுக்கு வந்து, "ஏட்டி, இப்ப விசில் வரும், பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போவாள். இரண்டில் எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாது, நான்காம் மாதம் விசிலுக்கு நடுக்கம் நின்றது.

சாப்பாட்டில் ஓர் எச்சரிக்கை. வெங்காயம், பூண்டு, திராட்சை, பாயசத்தில் போடும் உலர்திராட்சை, சாக்லேட் இவை நாய்க்கு விஷம். சாம்பார் சாதம், ரசம் சாதம் எதுவும் பாசத்தில்கூட வைக்க வேண்டாம். உப்பில்லாத தயிர்சாதம் எப்போதாவது ஒரு கை கொடுக்கலாம்.

மற்ற நாய்கள்

இதைத்தான் நீங்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். நாய்ப் பூங்கா பக்கமே போகாதீர்கள். ஒரு வருடம் கழித்தும் போகாதீர்கள், "என் நாய் ரொம்ப சாது, விட்டுப் பாருங்கள்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். தெரு வெறிச்சோடிய நேரமாகப் பார்த்து நடக்கக் கூட்டிப்போங்கள். எங்களுக்கு விடியற்காலையும் இரவு பத்து மணியும்.

நடக்கும்போது உங்கள் நாயின் வாயைப் பாருங்கள். தளர்வாகத் திறந்திருந்த வாய் பட்டென்று மூடினால், உடம்பு கல் மாதிரி நின்றால், பார்வை ஓர் இடத்தில் குத்தி நின்றால், எதிரே எங்கோ ஒரு நாய் இருக்கிறது. குரைப்பதற்கும் பாய்வதற்கும் முன்னால் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நொடிதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், சில சண்டை நாய்கள் உறுமாமலே பாயும். அதனால் சத்தத்துக்குக் காத்திருக்காதீர்கள். விறைத்ததுமே "வா" என்று சிரித்த குரலில் கூப்பிட்டுக்கொண்டு திரும்பி நடந்துவிடுங்கள், தூரம் வந்ததும் கோழித் துண்டு. இதை நாய் எதுவும் இல்லாத நேரத்தில் ஒருநாளைக்கு இருபது தடவை பழக்கியிருந்தால்தான் அந்த நேரத்தில் திரும்பும்.

வேறு நாயோடு பழக்குவது பயிற்சியாளர் கூட இருந்தால் மட்டும். இரண்டு நாயும் சாலையின் இரு ஓரத்தில், ஒரே திசையில், ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்காமல் நடப்பது. வாரக்கணக்கில் அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. செவலை ஆறு மாதத்தில் பக்கத்துத் தெருவின் கிழட்டு லாப்ரடாரோடு பத்தடி இடைவெளியில் நடக்கக் கற்றுக்கொண்டாள். அதற்கு மேல் நெருங்க அவள் விரும்பவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. இரண்டும் இன்றைக்கும் பத்தடி இடைவெளியில்தான் நடக்கின்றன.

எங்களுக்கு ஒரு தடவை தப்பியது. இரண்டாம் வருடம், கராஜ் கதவை நான்தான் திறந்துபோட்டுவிட்டு காரிலிருந்து அரிசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். உள்கதவு சரியாகத் தாழ்ப்பாள் விழவில்லை. செவலை என் காலைத் தாண்டி வெளியே போய்விட்டாள், அதே நேரம் தெருவில் லீஷ் இல்லாமல் ஒரு சின்ன வெள்ளை நாய். கடிக்க முடியாதபடி வாய்க்கூடு மாட்டி நடைக்குத் தயாராக இருந்த நேரம் என்பதால்தான் அந்த நாய் பிழைத்தது. அவள் இடித்துத் தள்ளினாள், அது உருண்டு எழுந்து ஓடிவிட்டது, ஒரு கீறல் இல்லை. மூட்டை கிழிந்து தரையெல்லாம் அரிசி. அன்றைக்கு இரவே உள்கதவுக்குத் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் போட்டோம்.

சண்டை மூண்டுவிட்டால் வாய்க்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகாதீர்கள், கடித்துப் பிடித்திருக்கும் நாயை இழுக்காதீர்கள், இழுத்தால் சதை கிழியும். பிடியை விடுவிக்கும் முறையைப் பயிற்சியாளரிடம் முன்கூட்டியே செய்துபார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், எழுத்தைப் படித்துவிட்டுச் செய்கிற வேலை இல்லை அது.

வாய்க்கூடு

களத்தில் போரடிக்கிற மாட்டுக்குக் கட்டுவார்களே, அந்த மாதிரிக் கூடைதான். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை வேண்டாம், அதில் மூச்சு வாங்க முடியாது. கூடை வகையில் வாய் திறந்து மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போகாமல் இரண்டு வாரம் செலவழித்துப் பழக்குங்கள். கூடையின் உள்பக்கம் தயிரைத் தடவி நீட்டினால் நாயே மூக்கை விடும். நக்கி முடித்ததும் எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் வாரைப் பூட்டாதீர்கள். பிறகு ஒரு நொடி பூட்டிக் கழற்றுங்கள். செவலை இப்போது வாய்க்கூட்டை எடுத்தாலே ஓடிவந்து தானாக மாட்டிக்கொள்கிறாள், அவளுக்கு அது நடைக்குப் போகிற அடையாளம். தெருவில் சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

ஷாக் கொடுக்கும் பட்டை, முள் பட்டை, அதட்டி மிரட்டிப் பழக்கும் பயிற்சியாளர் எதையும் கிட்டே சேர்க்காதீர்கள். வலியும் பயமும் கொடுத்துத்தான் இந்த நாயை முன்பு வளர்த்தார்கள்.

பிள்ளைகளும் விருந்தாளிகளும்

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு நாங்கள் சொன்னது: செவலை சாப்பிடும்போது, தூங்கும்போது, கூண்டில் இருக்கும்போது கிட்டே போகாதே. தொட வேண்டுமென்றால் கூப்பிடு, வந்தால் தொடு, மூன்று எண்ணி நிறுத்து, அவள் திரும்பவும் முட்டினால் தொடர். இந்த மூன்று எண்ணுவதை அவள் பெரியவர்களுக்கே சொல்லிக்கொடுத்தாள். ஐந்தாறு வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இந்த நாய் வேண்டாம் என்பேன். நாய் கெட்டது என்பதற்காக இல்லை, அந்த வயதுப் பிள்ளை கதவைச் சாத்தாது. எந்த வயதுப் பிள்ளையானாலும் பெரியவர் இல்லாமல் நாயோடு தனியே விடக் கூடாது.

விருந்தாளிகள் வரும்போது செவலை மாடி அறையில், கதவு பூட்டி, ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும். கொலுவுக்கு, பிறந்தநாளுக்கு, பொங்கலுக்கு எல்லாம் அப்படித்தான். "பாக்கணும், கூட்டிட்டு வாங்க" என்று வற்புறுத்துவார்கள். முடியாது என்று சொல்லிப் பழகுங்கள்.

சரிப்படாமல் போனால்

எல்லாம் செய்தும் சில நாய்கள் சில வீட்டுக்கு ஒத்துவராது. உறுமல் கூடிக்கொண்டே போனால், மனிதரைக் கடித்தால், வீட்டில் யாராவது பயத்தோடு நடமாடத் தொடங்கினால், மறைக்காமல் அமைப்பிடம் சொல்லுங்கள். நாய்களின் மனநலத்துக்கென்றே படித்த கால்நடை மருத்துவர்கள் இருக்கிறார்கள், மருந்தால் பயம் குறைந்து அதன்பின் பயிற்சி பிடிபட்ட நாய்கள் உண்டு. செவலையும் முதல் வருடம் மாத்திரை சாப்பிட்டாள். அதுவும் ஆகவில்லையென்றால் நாயைத் திருப்பிக் கொடுப்பது துரோகம் இல்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள், அடுத்த வீட்டுக்கும் அந்த நாய்க்கும் நீங்கள் செய்யக்கூடிய நல்லது அதுதான். இணையத்தில் விளம்பரம் போட்டு முகம் தெரியாத ஆளுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அப்படி இலவசமாகத் தேடுகிறவர்களில் சண்டைக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஊருக்குப் போகும்போது

பத்து நாய்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும் இடங்களில் இவளை விட முடியாது. வீட்டுக்கே வந்து தங்குகிற ஒருவர் வேண்டும், அவர் முன்பே நான்கைந்து தடவை வந்து பழகியிருக்க வேண்டும். எங்களுக்கு ஒரு கல்லூரிப் பெண் கிடைத்தாள், இரண்டு மாதம் வாரா வாரம் வந்து செவலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டுப் போன பிறகுதான் டிக்கெட் போட்டோம். அவளுக்காக ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டிவைத்தோம். டாக்டர் நம்பர், மாத்திரை நேரம், எந்தக் கதவுக்குப் பின் எந்தக் கதவு, விடியற்காலை எந்தத் தெரு, வாய்க்கூடு எந்த ஆணியில் தொங்கும் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கீழே அம்மா தமிழில் ஒரு வரி எழுதிவைத்து, அந்தப் பெண்ணுக்குப் படித்துச் சொல்லச் சொன்னாள்: குக்கர் வைத்தால் விசில் வருமுன் அவளிடம் சொல்லிவிடவும்.